ஜெருசலேம் பழைய நகரம் போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகள், என்னோட பதில்கள்

மதிலுக்குள்ள இருக்குற ஜெருசலேம் பத்தி சபைல உள்ளவங்க, சொந்தக்காரங்க, எங்க தெரு பாய், ஆபீஸ் நண்பர்கள்னு ஆளாளுக்கு கேட்டுகிட்டே இருக்காங்க. வாட்ஸ்அப்புல துண்டு துண்டா பதில் போடுறதை விட எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

மதிலுக்குள்ள இருக்குற ஊரு எவ்ளோ பெருசு?

ஒரு சதுர கிலோமீட்டர் கூட முழுசா வராது. மதிலோட மொத்த நீளமே சுமார் 4 கிலோமீட்டர்தான், ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரத்துக்கு இருபது நிமிஷத்துல நடந்துடலாம். ஆனா அந்த இருபது நிமிஷத்துக்குள்ள யூதர்களோட மேற்குச் சுவர், இயேசுவை அடக்கம் பண்ணதா கிறிஸ்தவங்க நம்புற இடத்துல இருக்குற கல்லறை தேவாலயம், முஸ்லிம்களோட அல் அக்ஸா வளாகம் மூணும் வந்துடும். முஸ்லிம், கிறிஸ்தவ, யூத, அர்மீனிய பகுதின்னு ஊரை நாலா சொல்லுவாங்க. முப்பதாயிரத்துக்கும் மேல ஜனங்க உள்ளயே குடியிருக்காங்க, ஸ்கூல் விட்டு புள்ளைங்க ஓடி வரும், கேஸ் சிலிண்டர் ஏத்துன சின்ன வண்டி சந்துல வரும், நாமதான் சுவரோட ஒட்டி நிக்கணும். இதை மனசுல வச்சுகிட்டு போங்க, அடுத்தவங்க குடியிருக்குற, சாமி கும்பிடுற ஊருக்கு விருந்தாளியா போறோம்.

அந்த மதில் இயேசு நடந்த காலத்து மதிலா?

இல்லைங்க. இப்ப நாம பாக்குற மதில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் 1530கள் கடைசில ஆரம்பிச்சு 1541 வாக்குல கட்டி முடிச்சது. ரோமர்கள் கி.பி. 70ல ஊரையும் யூதர்களோட இரண்டாம் ஆலயத்தையும் அழிச்சாங்க, அப்புறம் பைசாந்தியர், அரபு கலீபாக்கள், 1099ல சிலுவைப்போர்க்காரங்க, 1187ல சுல்தான் சலாவுதீன்னு கை மாறிகிட்டே வந்துச்சு, ஒவ்வொருத்தரும் இடிச்சாங்க, கட்டுனாங்க. அதனால எல்லைக்கோடும் நகர்ந்துகிட்டே இருந்திருக்கு. வேதத்துல பட்டணத்துக்கு வெளிய சிலுவையில அறைஞ்சாங்கன்னு வருதே, கல்லறை தேவாலயம் மதிலுக்கு உள்ளல்ல இருக்குன்னு நிறைய பேர் கேப்பாங்க. அந்தக் காலத்துல அந்த இடம் மதிலுக்கு வெளியதான் இருந்துச்சு, பின்னாடிதான் ஊரு வளந்து உள்ள வந்துச்சு.

எந்த வாசல் வழியா நுழையலாம்?

ஏழு வாசல் திறந்திருக்கு, எட்டாவது கிழக்குப் பக்கம் பொன்வாசல், அது நூத்துக்கணக்கான வருஷமா கல்லு வச்சு அடைச்சிருக்கு. புது ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு யாஃபா வாசல் சுலபம். 1898ல ஜெர்மன் மன்னர் வில்ஹெல்ம் வண்டியோட நுழையணும்னு அது பக்கத்துல மதிலையே உடைச்சு வழி விட்டாங்க, 1917 டிசம்பர்ல பிரிட்டிஷ் ஜெனரல் அலன்பி அதே இடத்துல குதிரைய விட்டு இறங்கி நடந்து வந்தாரு. மேற்குச் சுவருக்கு நேரா போகணும்னா டங் கேட். சீயோன் வாசல்ல 1948 சண்டையோட குண்டு ஓட்டை இன்னும் அப்படியே இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது டமாஸ்கஸ் வாசல், காய்கறி, மூலிகை, ரொட்டி விக்கிறவங்க கூட்டத்துக்குள்ள இறங்கிப் போகும்போதுதான் ஊருக்குள்ள வந்துட்டோம்னு இருக்கும்.

எத்தனை நாள் வேணும்? எங்க டூர்ல அரை நாள்தான் போட்டிருக்காங்க.

அரை நாள் பத்தாது, தயவுசெஞ்சு டூர் ஆளுங்ககிட்ட பேசிப் பாருங்க. நம்மூர்லேர்ந்து போற புனிதப் பயண குழு பெரும்பாலும் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்துன்னு மூணு நாட்டையும் பத்து நாளுக்குள்ள அடைச்சு, பஸ்ஸு, ஹோட்டல், பஸ்ஸுன்னு ஓட்டிடுவாங்க. பழைய நகரத்துக்கு ரெண்டு முழு நாளாவது குடுங்க, முடிஞ்சா ஒரு ராத்திரி மதிலுக்கு உள்ளயே தங்குங்க, மடங்கள் நடத்துற விருந்தினர் இல்லங்கள் இருக்கு, சுத்தமா இருக்கும், வாடகையும் பெரிய ஹோட்டல் அளவுக்கு இருக்காது. குழுவோட போறவங்க கூட சொல்லிட்டு ஒரு காலை நேரம் தனியா எந்திரிச்சு போயிட்டு வாங்க. பகல் பத்து மணி கூட்டத்துல பாக்குற ஊரும் விடியக்காலைல பாக்குற ஊரும் வேற வேற.

இப்ப போறது பாதுகாப்பா?

இதுக்கு எப்பவும் செல்லுபடியாகுற பதில் கிடையாது. 2023 அக்டோபர்லேர்ந்து போர், விமான ரத்து, எல்லை மூடல்னு நிலைமை மாறிகிட்டே இருக்கு. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியும், கிளம்புறதுக்கு முந்தின வாரமும் நம்ம வெளியுறவுத் துறை, தூதரகம் என்ன சொல்றாங்கன்னு பாருங்க, டூர் ஆளு வாய் வார்த்தைய மட்டும் நம்பாதீங்க. பணம் திரும்பக் கிடைக்குற மாதிரி புக் பண்ணுங்க, இன்சூரன்ஸ்ல போர் சம்பந்தமா என்ன போட்டிருக்குன்னு படிங்க. ஊருக்குள்ள எங்க பாத்தாலும் துப்பாக்கியோட போலீஸ் நிப்பாங்க, அதைப் பாத்து பயப்பட வேணாம், ஆனா ஒரு சந்துல சத்தம், தள்ளுமுள்ளுன்னா வேடிக்கை பாக்க நிக்காம திரும்பிடுங்க. போலீஸ் பாஸ்போர்ட் கேட்டா குடுங்க, அவங்களை போட்டோ எடுக்காதீங்க.

விசா, பாஸ்போர்ட் முத்திரை?

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்கணும். உள்ள நுழையும்போது முத்திரைக்கு பதிலா சின்ன அட்டை ஒண்ணு குடுப்பாங்க, அதைத் தொலைச்சுடாதீங்க, பெத்லகேம் போயிட்டு வரும்போது, ஹோட்டல்லன்னு கேப்பாங்க. ஜோர்டான் வழியா பாலம் தாண்டி வர்றவங்களுக்கு எல்லைல மணிக்கணக்கா ஆகலாம். தண்ணி, பிஸ்கட், மாத்திரை கைப்பையில வச்சுக்குங்க.

எந்தக் கிழமைல போனா நல்லது?

வெள்ளி முஸ்லிம்களுக்கு, சனி யூதர்களுக்கு, ஞாயிறு கிறிஸ்தவங்களுக்கு. அதனால ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பக்கம் கடை சாத்தியிருக்கும், இன்னொரு பக்கம் கூட்டம் நெரியும். வெள்ளி மதியம் ஜும்மா தொழுகைக்கு டமாஸ்கஸ் வாசல் பக்கம் ஆயிரக்கணக்குல வருவாங்க, அப்ப எதிர்த்திசைல நடக்க முயற்சி பண்ணாதீங்க. வெள்ளி சூரியன் மறையுறதுலேர்ந்து சனி ராத்திரி வரைக்கும் யூத ஓய்வுநாள், டிராம், விமான நிலைய ரயில் ஓடாது, பஸ்ஸும் பெரும்பாலும் ஓடாது, முஸ்லிம் பகுதி கடைங்க திறந்திருக்கும். யூதர்களோட பஸ்கா பண்டிகை, ஈஸ்டர், ரமலான் ஒண்ணா வர்ற வருஷம் அழகும் ஜாஸ்தி, நெரிசலும் ஜாஸ்தி. அமைதியா பாக்கணும்னா அக்டோபர் கடைசி, நவம்பர் நல்லா இருக்கும். சுமார் 750 மீட்டர் உயரத்துல இருக்குற மலை ஊரு, டிசம்பர் ஜனவரில மழையும் குளிரும் எலும்பு வரைக்கும் இறங்கும், ஸ்வெட்டர் இல்லாம போகாதீங்க.

நான் இந்து, எந்த மதமும் இல்லாதவங்க வீட்லயும் இருக்காங்க. மேற்குச் சுவர் கிட்ட போகலாமா?

தாராளமா போகலாம், யாரும் மதம் கேக்க மாட்டாங்க. ஏரோது மன்னன் ஆலய வளாகத்தை பெருசாக்குனப்ப அந்த மேட்டைத் தாங்குறதுக்கு கட்டுன சுவர் அது. ஆலயம் போனதுக்கப்புறம் அதுக்கு கிட்ட நின்னு ஜெபிக்க யூதர்களுக்கு மிஞ்சுன இடம் இதுதான்னு பல தலைமுறையா அங்க வர்றாங்க. கீழ இருக்குற பிரம்மாண்டமான கல்லு வரிசைங்க ஏரோது காலத்துது, மேல போகப்போக சின்னக் கல்லு, பின்னாடி வந்தவங்க வச்சது. ஆம்பளைங்களுக்கு ஒரு பக்கம், பொம்பளைங்களுக்கு ஒரு பக்கம். ஆம்பளைங்க தலைய மூடணும், தொப்பி வாசல்லயே சும்மா கிடைக்கும். சீட்டுல பிரார்த்தனை எழுதி கல்லு இடுக்குல வைக்கிறது வழக்கம், அந்த சீட்டுங்களை வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுத்து ஒலிவ மலைல புதைப்பாங்க, குப்பைல போட மாட்டாங்க. ஓய்வுநாள்ல போட்டோ எடுக்கக்கூடாது, போனை பையை விட்டு வெளிய எடுக்காம இருக்குறதே மரியாதை. வெள்ளி சாயங்காலம் பாட்டும் ஆட்டமுமா இருக்கும், அப்ப போய் ஓரமா நில்லுங்க.

தங்கக் குவிமாடம் இருக்குற இடத்துக்கு முஸ்லிம் அல்லாதவங்க போகலாமா?

அது இருக்குற அல் அக்ஸா வளாகத்துக்குள்ள போகலாம், கட்டடத்துக்குள்ள விட மாட்டாங்க. மேற்குச் சுவர் பக்கத்துல ஒரு மரப்பாலம் ஏறும், அந்த மொராக்கோ வாசல் ஒண்ணுதான் நமக்கு. ஞாயிறுலேர்ந்து வியாழன் வரைக்கும், காலைல சில மணி நேரம், மதியத் தொழுகை (லுஹர்) முடிஞ்சு ஒரு மணி நேரம், அவ்ளோதான். வெள்ளி, சனி, இஸ்லாமிய பண்டிகை நாள்ல கிடையாது, சீசனுக்கு நேரம் மாறும், பிரச்சனைன்னா சொல்லாம மூடிடுவாங்க, அதனால வந்த முதல் நாளே காலைல போய் வரிசைல நின்னுடுங்க. பைபிள், ஜெபமாலை, சிலுவை மாதிரி எதுவும் எடுத்துட்டு போகாதீங்க, செக்கிங்ல நிறுத்துவாங்க. உள்ள போய் வாய் விட்டோ கைய கூப்பியோ வேற மத ஜெபம் பண்ணக்கூடாது, இதை சின்ன விஷயமா நினைக்காதீங்க, அந்த இடத்துல அதுக்காக பெரிய கலவரமே வந்திருக்கு. கையும் காலும் மூடுன டிரஸ் போடுங்க. கணவன் மனைவியா இருந்தாலும் கை கோத்து போட்டோ எடுக்க வேணாம்.

போறது வொர்த்தானு கேட்டா, கண்டிப்பா. கலீபா அப்துல் மாலிக் கட்டி கி.பி. 692 வாக்குல முடிஞ்ச பாறைக் குவிமாடம்தான் இந்தத் தங்கக் குவிமாடம், ஆயிரத்து முன்னூறு வருஷம் தாண்டி நிக்குது. வெளிய நீல ஓடு, எட்டுப் பட்டை சுவர், உள்ள இருக்குற பாறைலேர்ந்துதான் நபிகள் விண்ணேற்றம் போனாங்கன்னு முஸ்லிம்கள் நம்புறாங்க, ஆபிரகாம் மகனைப் பலி குடுக்கப் போன இடமும் ஆலயத்தோட மகா பரிசுத்த ஸ்தலமும் இங்கதான்னு யூத மரபு. வளாக நிர்வாகம் ஜோர்டானோட தொடர்புள்ள இஸ்லாமிய அறக்கட்டளை (வக்ஃப்) கைல, வாசல் காவல் இஸ்ரேல் போலீஸ் கைல. ஒலிவ மரத்தடில குடும்பம் குடும்பமா உக்காந்து சாப்பிடுறது, புள்ளைங்க பந்து விளையாடுறது எல்லாம் பாக்கலாம், செய்தில பாத்த இடமா இதுன்னு இருக்கும்.

நாங்க முஸ்லிம், எங்களுக்கும் இதே நேரம்தானா?

இல்ல, உங்களுக்கு மத்த வாசல்களும் உண்டு, தொழுகை நேரத்துலயும் போகலாம். வாசல்ல போலீஸ் முஸ்லிம்தானான்னு கேப்பாங்க, சில நேரம் குர்ஆனோட முதல் அத்தியாயம் ஃபாத்திஹா ஓதச் சொல்லுவாங்க, கோவப்படாம ஓதிட்டு போங்க. தங்கக் குவிமாடம் வேற, தெற்குப் பக்கம் சாம்பல் நிறக் குவிமாடத்தோட இருக்குற ஜும்மா நடக்குற பள்ளிவாசல் வேற, முதல் தடவை வர்றவங்க தங்கக் குவிமாடத்தை மட்டும் பாத்துட்டு திரும்பிடாதீங்க, அந்த முழு வளாகத்தையும்தான் அல் அக்ஸான்னு சொல்றாங்க. முதல் கிப்லா (தொழுகைத் திசை) இது, உம்ராவோட சேத்து போறவங்க ஒரு வக்துக்கு ஓடி வந்து ஓடிப் போகாம ஃபஜ்ருலேர்ந்து இஷா வரைக்கும் ஒரு நாள் முழுக்க இங்கயே இருங்க.

கல்லறை தேவாலயத்துல ஏன் இவ்ளோ குழப்பமா இருக்கு?

ஆறு சபைங்க ஒரே கூரைக்குள்ள இருக்காங்க, அதான் காரணம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ரோமன் கத்தோலிக்கம், அர்மீனியம் மூணும் பெரிய பங்கு, காப்டிக், சிரியன், எத்தியோப்பியா மூணும் சின்ன பங்கு. எந்த விளக்கை யார் ஏத்தணும், எந்தப் படியை யார் கூட்டணும் வரைக்கும் பங்கு உண்டு. ஒட்டோமான் சுல்தான் 1852ல உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்னு போட்ட உத்தரவுதான் இன்னிக்கும் நடைமுறை. முன் வாசலுக்கு மேல ஜன்னல்ல ஒரு சின்ன மர ஏணி சாஞ்சிருக்கும், 18ஆம் நூற்றாண்டுல வரைஞ்ச படத்துலயே அது இருக்கு, எல்லாரும் ஒத்துக்காம அதை எடுக்க முடியாதுன்னு விட்டுட்டாங்க. பெரிய கதவோட சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்துகிட்ட, கதவைத் திறக்குறது இன்னொரு முஸ்லிம் குடும்பம், ஜூதே, நுசைபேன்னு பேரு, பல நூற்றாண்டா தலைமுறை தலைமுறையா பண்றாங்க. ராத்திரி கதவு சாத்துற நேரம் போய் நின்னு பாருங்க, சின்ன ஏணி வச்சு ஏறி மேல் பூட்டை பூட்டுறதை கண்ணால பாக்கலாம்.

கட்டடமும் ஒரே காலத்துது இல்ல. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துல கட்டி 335ல பிரதிஷ்டை பண்ணாங்க, 1009ல கலீபா ஹாக்கிம் இடிக்கச் சொன்னாரு, 1048 வாக்குல திரும்ப எழுப்புனாங்க, 1149ல சிலுவைப்போர்க்காரங்க இப்ப உள்ள அமைப்புக்கு கொண்டு வந்தாங்க, 1808ல தீப்பிடிச்சு கல்லறை மேல இருக்குற சின்ன மண்டபத்தை மறுபடி கட்டுனாங்க. 2016ல அந்த மண்டபத்தை ஏதென்ஸ் தொழில்நுட்ப பல்கலைக்கழகத்தார் சீரமைச்சப்ப மேல் பளிங்கைத் தூக்கிப் பாத்தாங்க, உள்ள இருந்த சாந்து நாலாம் நூற்றாண்டுதுன்னு பரிசோதனைல வந்துச்சு. கான்ஸ்டன்டைன் காலத்துலேர்ந்து இதே இடத்தைத்தான் காப்பாத்திட்டு வந்திருக்காங்கன்னு அது காட்டுது.

உள்ள நுழைஞ்சதும் வலப்பக்கம் செங்குத்தான படி, மேல இயேசுவை சிலுவையில அறைஞ்சதா சொல்ற கொல்கொதா. நேரா தரைல இயேசுவோட உடலைக் கிடத்துனதா சொல்ற கல்லு, ஜனங்க கைக்குட்டை, துணி, எண்ணெய் எல்லாம் தேய்ச்சு எடுத்துட்டு போவாங்க, நம்ம அம்மாக்கள் முந்தானைய வச்சு ஒத்தி எடுக்குறதைப் பாத்தா தெரியும் எதுக்கு இவ்ளோ தூரம் வந்தாங்கன்னு. இடப்பக்கம் கல்லறை மண்டபம், பகல்ல ஒண்ணு ரெண்டு மணி நேரம் வரிசை, உள்ள போனா சில நொடிதான், வெளிய வான்னு சத்தம் போடுவாங்க. காலைல அஞ்சு மணிக்கு வந்தீங்கன்னா நிதானமா முழங்கால் போடலாம். மேல் மாடில எத்தியோப்பிய துறவிங்களோட மண் குடிசை மாதிரி அறைங்க இருக்கு, அங்கேர்ந்து ரெண்டு இருட்டு சிற்றாலயம் வழியா இறங்குனா முன் முற்றத்துக்கே வந்துடலாம், பெரும்பாலான குழுக்கள் இதைப் பாக்காமலே போயிடுறாங்க.

தோட்டக் கல்லறைதான் இயேசுவை அடக்கம் பண்ண உண்மையான இடம்னு எங்க போதகர் சொல்றாரு?

டமாஸ்கஸ் வாசலுக்கு வெளிய இருக்குற அந்தத் தோட்டம் 19ஆம் நூற்றாண்டுலதான் பிரபலமாச்சு. தொல்லியல்காரங்க ஆராய்ஞ்சு அந்தக் கல்லறை இயேசுவுக்கு பல நூற்றாண்டு முந்தினதுன்னு சொல்லியிருக்காங்க. வேதத்துல புதுக் கல்லறைன்னு இருக்கு, அது பொருந்தல. கல்லறை தேவாலயத்துக்குள்ள அந்தக் காலத்து யூதக் கல்லறைங்க வேற இருக்கு, ஆதாரம் அந்தப் பக்கம்தான் பலமா இருக்கு. ஆனா தோட்டம் அமைதியான இடம், பூச்செடி, மரநிழல், முன்கூட்டி சொல்லி வச்சா குழுவா உக்காந்து திருவிருந்து எடுக்கலாம், தமிழ்ல பாட்டுப் பாடி ஜெபிக்கலாம். ரெண்டுக்கும் போங்க, ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மட்டம் தட்ட வேணாம்.

சிலுவைப்பாதை எப்படி போகணும்?

இயேசு சிலுவை சுமந்து போனதா சொல்ற வழி இது, பதினாலு நிலை, சிங்க வாசல் பக்கம் ஆரம்பிச்சு கடைசி அஞ்சு நிலை தேவாலயத்துக்குள்ளயே முடியும். வெள்ளி மதியம் பிரான்சிஸ்கன் துறவிங்க நடத்துற ஊர்வலத்துல யாரும் சேந்துக்கலாம், குளிர்காலத்துல மூணு மணி, வெயில் காலத்துல நாலு மணி. பாதை முழுக்க கடைத்தெரு, ஒருபக்கம் ஜெபம், ஒருபக்கம் டீ ஷர்ட் வியாபாரம். முகம் சுளிக்காதீங்க, அது அவங்க பிழைப்பு நடத்துற தெரு. ஆரம்பத்துலயே புனித அன்னாள் ஆலயம் இருக்கு, பெதஸ்தா குளமும் அங்கதான். அந்த ஆலயத்துல குரல் எதிரொலிச்சு சுத்தும், உங்க குழுல நாலு பேர் பாடுனாலே நாப்பது பேர் பாடுன மாதிரி கேக்கும், பாடாம வந்துடாதீங்க.

ஒரே கட்டடத்துல மூணு மதமும் இருக்குற இடம் உண்டா?

சீயோன் வாசலுக்கு வெளிய ரெண்டு நிமிஷ நடை. கீழ தாவீது ராஜாவோட கல்லறைன்னு யூதர்கள் ஜெபிக்குற அறை, மேல இயேசு கடைசி இராப்போஜனம் சாப்பிட்டதா கிறிஸ்தவங்க வந்து நிக்குற மேல்வீடு, அதே மேல்வீட்டுச் சுவர்ல தொழுகைத் திசை காட்டுற மாடமும் அரபு எழுத்தும், ஏன்னா ரொம்ப காலம் பள்ளிவாசலா இருந்துச்சு. டூர்ல பத்து நிமிஷம்தான் குடுப்பாங்க, அந்த மாடத்தைக் கேட்டுப் பாருங்க.

இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு?

இருக்கு. ஏரோது வாசல் பக்கத்துல இந்திய விடுதி ஒண்ணு, சுமார் 800 வருஷத்துக்கு முன்னாடி பஞ்சாப் சூஃபி பாபா ஃபரீத் வந்து தவம் இருந்த இடம்னு வழிவழியா சொல்றாங்க. அப்புறம் இந்திய முஸ்லிம் யாத்ரீகர்கள் தங்குற இடமாச்சு, 1924ல உத்தரப்பிரதேசத்துலேர்ந்து வந்த அன்சாரி குடும்பம் இன்னிக்கும் பாத்துக்குறாங்க. மதிலுக்கு வெளிய ஒலிவ மலைல, பல மொழில கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஓட்டுல எழுதி வச்சிருக்குற ஆலயத்துல தமிழ்ப் பலகையும் உண்டு.

தமிழ்நாடு அரசு உதவித்தொகை கிடைக்குமா?

ஜெருசலேம் புனிதப் பயணம் போற கிறிஸ்தவங்களுக்கு மானியம் உண்டு, முதல்ல ₹20,000, பிறகு ₹37,000 ஆக்குனாங்க, கன்னியாஸ்திரிகளுக்கு ₹60,000. சிறுபான்மையினர் நல அலுவலகத்துல கேட்டு இப்போதைய விதிமுறைய தெரிஞ்சுக்குங்க, பயண ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க.

அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டிட்டு போகலாமா?

போகலாம், ஆனா திட்டம் வேணும். சந்து முழுக்க படி, கல்லு தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்கும், மழை பெஞ்சா வழுக்கும், ரப்பர் அடி ஷூதான், செருப்பு வேணவே வேணாம். டங் கேட் வரைக்கும் டாக்ஸி வரும், மேற்குச் சுவர் முற்றம் சமதரை. கொல்கொதா படி ஏற முடியலைன்னா கீழயே ஆதாம் சிற்றாலயத்துல கண்ணாடி வழியா அந்தப் பாறைய பாக்கலாம். மதில் மேல நடக்குற டிக்கெட் நடை அவங்களுக்கு ஒத்துவராது, அதுக்கு பதிலா ஆஸ்திரிய விடுதி மொட்டைமாடிக்கு ஏறிப் பாக்கலாமான்னு அங்கயே கேளுங்க, நாலு பகுதியும் குவிமாடமும் ஒண்ணா தெரியும்.

சாப்பாடு?

சைவம் சாப்பிடுறவங்களுக்கு கவலையே இல்ல. ஹம்மஸ் (கொண்டைக்கடலை மசியல்), ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை), எள்ளு தூவுன நீள வளைய ரொட்டி அதோட ஸாத்தர்ங்கிற மூலிகைப் பொடி, மாதுளை ஜூஸ். முஸ்லிம் பகுதில சூடா சீஸ் வச்ச குனாஃபாங்கிற இனிப்பு கிடைக்கும், கட்டாயம் சாப்பிடுங்க. காரம்தான் கிடைக்காது, ஊறுகாய் பாட்டில் எடுத்துட்டு போறவங்க கெட்டிக்காரங்க. ரமலான் பகல்ல தெருவுல நின்னு சாப்பிடாதீங்க.

ஊர்க்காரங்ககிட்ட அரசியல் பேசலாமா?

பேசுறதை விட கேளுங்க. 1948லேர்ந்து 1967 வரைக்கும் பழைய நகரம் ஜோர்டான் கைல இருந்துச்சு, யூதர்களை வெளியேத்துனாங்க, அவங்க பகுதி இடிஞ்சு கிடந்துச்சு. 1967ல இஸ்ரேல் பிடிச்சதும் மேற்குச் சுவர் முன்னாடி இருந்த மொராக்கோ குடியிருப்பை சில நாள்ல இடிச்சு முற்றமாக்குனாங்க. இஸ்ரேல் இதைத் தன் தலைநகரத்தோட பகுதிங்குது, பெரும்பாலான நாடுங்க அந்த இணைப்பை ஏத்துக்கல, பாலஸ்தீனர்கள் கிழக்கு ஜெருசலேம் தங்க தலைநகரம்னு சொல்றாங்க. கடைக்காரரு டீ குடுத்து உக்கார வச்சு பேசுறாருன்னா அவரு வீட்டுக் கதையை கேளுங்க, தீர்ப்பு சொல்லாதீங்க. யூத, அரபு வழிகாட்டி ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொரு நாள் நடந்தா ஒரே கல்லைப் பத்தி ரெண்டு கதை கேக்கலாம், காசு ஜாஸ்தின்னாலும் நான் அதைத்தான் சொல்லுவேன். லைசன்ஸ் அட்டையைப் பாத்துட்டு பேசுங்க, யாஃபா வாசல்ல தானா வந்து ஒட்டிக்கிற ஆளுங்க வேணாம்.

என்ன வாங்கலாம், கொண்டு வர்றதுல சிக்கல் உண்டா?

அர்மீனிய பகுதில கையால வரைஞ்ச ஓடு, தட்டு, பெத்லகேம் ஆளுங்க செதுக்குன ஒலிவ மரச் சிலுவை, குடில் பொம்மை. சொல்ற விலைல பாதிலேர்ந்து பேச ஆரம்பிங்க, சிரிச்ச முகமா பேசுங்க. திரும்பும்போது ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, பெட்டிய யார் அடுக்குனாங்க, யாராவது பார்சல் குடுத்தாங்களான்னு நிறைய கேப்பாங்க, குழுல எல்லாரும் ஒரே மாதிரி நேரா பதில் சொல்லுங்க. யோர்தான் ஆத்துத் தண்ணி, அபிஷேக எண்ணெய் பாட்டிலை கைப்பையில வைக்காம பெரிய பெட்டில, மூடிய டேப் ஒட்டி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைங்க.